நொச்சி இல்லம், அறை எண் 212

சிதம்பரத்தில் ரயில் தண்டவாளத்துக்குக் கிழக்கே பல்கலைக்கழகத்துப் பெண்கள் விடுதி ஒன்று இருக்கிறது. நொச்சி இல்லம் என்று பெயர். அதன் 212ஆம் அறையில் போன வருஷம் ஒரு தெருவே குடியிருந்தது. மோட்டார் மெக்கானிக் பக்கிரி மீசையும் முண்டாசுமாக அங்கேதான் இருந்தார். மூன்று பிள்ளை பெற்ற இளமதி இருந்தாள். பால் சொசைட்டி எழுத்தர் இருந்தார். மாரியம்மன் கோயில் விழாக் கமிட்டிகூட, மைக்செட்டுக்கு வயர் வாங்க வேண்டி வந்தபோது, ஒரு வாரம் அங்கே போய் இருந்துவிட்டு வந்தது.

எல்லாம் போனில்தான். நிஜத்தில் இவர்கள் அத்தனை பேரும் நெல்லிக்குப்பத்துக்குத் தெற்கே, கெடிலத்தை ஒட்டிய ஒரே தெருவில், கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டும் மாடு கழுவிக்கொண்டும் அவரவர் வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால் அந்தத் தெருவுக்குக் கொரியர் வராது. வராது என்றால் வரவே வராது. ஆலை அரவை நடக்கும் மாதங்களில் கரும்பு டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். மழைக்காலத்தில் ரோடே இருக்காது. கொரியர் பையன்கள் ரயில்வே கேட்டோடு வண்டியை நிறுத்திக்கொண்டு, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். நாம் சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்வதற்குள், வீட்டில் ஆள் இல்லை என்று போனில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

இதற்கு வழி கண்டுபிடித்தது தேவநாதன் மகள் வினோதினி. எம்.எஸ்ஸி. தாவரவியல் சேர்ந்து விடுதிக்குப் போன முதல் மாதம், அம்மா தங்கம்மாளுக்கு மிக்சி ஜார் ரப்பர் வேண்டியிருந்தது. வினோதினி அம்மாவின் போனிலேயே ஆர்டர் போட்டு, விடுதி முகவரியைக் கொடுத்து, அது வந்ததும் ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் ரயிலில் எடுத்துக்கொண்டு வந்தாள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் இளமதி பார்த்துவிட்டாள்.

"யக்கா, எனக்கு ஒரு நைட்டி போடேன். பாப்பா வரும்போது எடுத்தாந்துரும்ல."

ஒரு நைட்டி நாலு நைட்டியானது. பக்கிரி ஸ்பேனர் செட்டு போடச் சொன்னார். தெருவின் ஆர்டர் எல்லாம் தங்கம்மாள் போனில் ஏறி, சிதம்பரம் போய், வினோதினியின் அறையில் இரண்டு மூன்று நாள் தங்கி, ரயிலேறி நெல்லிக்குப்பம் வந்தது. பிடிக்காததைத் திருப்பி அனுப்புவதென்றாலும் அதே வழிதான். பொருள் மறுபடி ரயிலேறி விடுதி வாசலுக்குப் போக வேண்டும்.

பார்சல் விடுதி வாசலுக்கு வந்ததும் கொரியர்காரர் தங்கம்மாளைக் கூப்பிடுவார். தங்கம்மாள் மகளைக் கூப்பிடுவாள். மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து, "ஓடிபி சொல்லும்மா" என்பாள். தங்கம்மாள் சாணிக் கையோடு தொழுவத்திலிருந்து ஓடி வந்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக, ரயில் நிலையத்தில் அறிவிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாள். அந்த நாலு எண்ணைச் சொல்லுவதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் இருந்தது. தான் சொன்னால்தான் அங்கே ஒரு கதவு திறக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

ஏனென்றால் அந்த அறையை அவள் பார்த்ததில்லை. சேர்க்கிற அன்று பெற்றவர்களை வரவேற்பறையோடு உட்காரச் சொல்லிவிட்டார்கள். மகளின் பெட்டியும் பக்கெட்டும் மாடிப்படி ஏறித் திரும்பி மறைவதைத்தான் பார்த்தாள். திரும்புகிற இடத்தில் ஒரு சன்னல், சன்னலில் கொஞ்சம் வேப்பங்கிளை. அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு மிச்ச அறையை அவளே கட்டிக்கொண்டாள். மத்தியானம் வேலை ஓய்ந்து, ஆலைப் புகையோடு கரும்புப்பாகு வாசம் தெருவில் இறங்குகிற நேரத்தில், கூடத்துத் தரையில் முந்தானையை விரித்துப் படுத்தால் அந்த அறைக்குப் போய்விடுவாள். சுவரெல்லாம் வெள்ளை. மேசைமேல் புத்தகம். சன்னலுக்கு வெளியே வேப்பமரம், அதில் காற்று. மகள் நாற்காலியில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பாள். தங்கம்மாள் அவளிடம் எதுவும் பேசாமல் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவாள். பத்தாவதோடு படிப்பு நிறுத்தப்பட்டவள் அவள். அந்தக் கட்டிலோரத்தில் உட்காருவதற்காகவே படுப்பாளோ என்னவோ.

குக்கர் ஒன்று வந்தபோது அதை மடியில் வைத்துக்கொண்டு முகர்ந்து பார்த்தாள்.

"என்னாடி பண்ற?" என்றார் தேவநாதன்.

"நான் பாக்காத ரூம இந்தக் குக்கரு பாத்துட்டு வந்திருக்குது பாருங்க."

"பாத்துச்சுன்னா என்னாவாம்? விசில் அடிக்கிதா இல்லியா, அதப் பாரு."

மழைக்காலத்தில்தான் எல்லாம் கெட்டது. வெள்ளத்தில் மோட்டார் முழுகிவிடும் என்று கழனிக்கு ஓடிய தேவநாதன் வரப்பில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. கடலூர் பெரியாஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். தங்கம்மாள் வார்டிலேயே கிடந்தாள். வினோதினி வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். விடியலில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, சோறாக்கி, கேரியரைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் நின்றபடி ஆஸ்பத்திரிக்குப் போய், அப்பாவுக்குத் துடைத்துவிட்டு, சாயந்திரம் திரும்பி வந்து மறுபடி மாட்டைப் பிடித்துக் கட்டுவாள். "காலேஜில சொல்லிட்டியா பாப்பா?" என்று தங்கம்மாள் கேட்காமல் இல்லை. சொல்லிட்டேம்மா, என்று அவளும் சொல்லாமல் இல்லை.

மழை விட்டு அவள் திரும்பிப் போனபோது வருகைப் பதிவு போதவில்லை. பரீட்சை எழுத முடியாது, ஜூனில் வந்து அதே வருஷத்தை மறுபடி படிக்கலாம் என்றார்கள். விதி அது, யார்மேலும் தப்பில்லை. பதிவேட்டில் பெயர் இல்லாதவள் விடுதியில் இருக்கக் கூடாது என்பதும் விதிதான். வினோதினி பெட்டியையும் பக்கெட்டையும் தூக்கிக்கொண்டு அந்த மாடிப்படியில் இறங்கினாள். வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா..."

"சொல்லு பாப்பா. அப்பா இன்னிக்கு நாலு அடி நடந்துட்டாரு. நீ இல்லன்னா என்னா ஆயிருப்போம் சொல்லு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு. நீ பரீச்சைய நல்லா எழுது, அது போதும்."

இதற்குமேல் அவள் எப்படிச் சொல்லுவாள்? ஆஸ்பத்திரிக்குச் சோறு தூக்கியதால்தான் படிப்பு போயிற்று என்று தெரிந்தால் அந்த அம்மா என்ன ஆவாள்? சரிம்மா என்று வைத்துவிட்டாள். பொங்கலுக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

அதற்குள் ஒரு வேலை கிடைத்தது. பார்சல் கிடங்கு நடத்தும் ஆரோக்கியராஜுக்கு அவளைத் தெரியும். விடுதி வாசலில் அத்தனை பார்சல் வாங்கிய இன்னொரு பெண் கிடையாது. விடுதிகளுக்கு ஒரு பெண் போனால் நல்லது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம். தன் தங்கையின் பழைய ஸ்கூட்டியைக் கொடுத்தார்.

"எந்த ரூட்டும்மா வேணும்?"

"பொம்பளப் புள்ளைங்க ஹாஸ்டலு ரூட்டு குடுங்கண்ணே. நொச்சி இல்லம் கட்டாயம் என்கிட்டயே இருக்கட்டும்."

இப்படியாக, 212ஆம் அறைக்கு வருகிற பார்சலை வினோதினியே கொண்டுபோய், வினோதினியே வாங்கிக்கொண்டாள். தெருவுக்கு ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரயிலில் எல்லாம் வந்து சேர்ந்தது. முன்னைவிடச் சீக்கிரமாகவே வந்தது. பொங்கல் வந்தது. அன்று அப்பா கைத்தடியோடு வாசல்வரை நடந்து வந்து கரும்பு வெட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அவளால் சொல்ல முடியவில்லை.

தங்கம்மாளுக்கு ஒன்று மட்டும் இடித்தது.

"ஏன் பாப்பா, இப்பல்லாம் கொரியர் தம்பி கூப்புடுறதே இல்ல. நீயே கூப்புட்டு ஓடிபி கேக்குற?"

"என்னைத் தெரியும்லம்மா அவுங்களுக்கு. நேரா வந்து குடுத்துர்றாங்க."

"அதான பாத்தேன்" என்று தங்கம்மாள் பெருமைப்பட்டாள்.

தை மாதக் கடைசியில் வினோதினியின் பிறந்தநாள். கட்டிலில் கிடந்து போனைத் தேய்த்துத் தேய்த்துத் தேவநாதன் பெரிய வாடிக்கையாளர் ஆகியிருந்தார். கொசு அடிக்கிற பேட்டு, தலையில் மாட்டுகிற டார்ச்சு என்று தினம் ஒன்று பார்ப்பார். அவர்தான் அந்த விளக்கைக் கண்டுபிடித்தார். மேசையில் கவ்விக்கொள்கிற படிப்பு விளக்கு. கழுத்தை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம்.

"பாப்பா ராத்திரில படிக்கும்ல? அதுகிட்ட சொல்லாத. வந்ததும் பாக்கட்டும்" என்றார்.

பிறந்தநாளன்று காலையில், இன்று வந்து சேரும் என்று போன் சொன்னது. அதே நேரம் இளமதி ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்து நின்றாள்.

"யக்கா, இந்த நைட்டி தொளதொளன்னு இருக்குது. ரிட்டர்ன் போட்டமே, இன்னிக்கு வந்து எடுப்பாங்களாம். பாப்பா ஞாயித்துக்கெழமதான வரும்? இன்னிக்கு உட்டா எடுக்க மாட்டானாம்க்கா."

எடுக்க வருவது நொச்சி இல்லத்துக்கு. நைட்டி இருப்பது இங்கே. இப்படி ஒரு சிக்கல் இந்தத் தெருவைத் தவிர உலகத்தில் யாருக்கும் வந்திருக்காது. தங்கம்மாள் கவரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவளுக்கே தெரியாமல் வாய் சொல்லிவிட்டது.

"நானே போய்ட்டு வரட்டா?"

"தனியாவா?" என்றார் தேவநாதன். பிறகு, "போயேன். வெளக்க அது பிரிக்கும்போது நீ பக்கத்துல இருந்த மாரியும் இருக்கும்" என்றார்.

புளிச்சோறு கிண்டினாள். முட்டை அவித்தாள். மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வறுத்து, வெல்லம் காய்ச்சி உருண்டை பிடித்தாள். எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் வைத்து, மேலே இளமதியின் நைட்டியை வைத்துக்கொண்டு பாசஞ்சர் ஏறினாள். சன்னலோரம் இடம் கிடைத்தது. கரும்பெல்லாம் பூத்து நின்றது. திருப்பாதிரிப்புலியூரில் கூட்டம் ஏறிற்று. கடலூர் துறைமுகம் தாண்டி, செம்மங்குப்பம் பக்கம் மருந்து வாடை வந்தபோது எதிரில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தங்கம்மாள் பொத்தவில்லை. அவள் அங்கே இல்லை. மேசைமேல் விளக்கைக் கவ்வ வைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் வளைத்தால் புத்தகத்தில் வெளிச்சம் விழும், அந்தப் பக்கம் வளைத்தால் கட்டிலில் விழும். பரங்கிப்பேட்டை தாண்டிப் பாலத்தில் ரயில் மெதுவானபோது கீழே வெள்ளாறு அசையாமல் கிடந்தது. கொக்குகள் அதில் ஒற்றைக்காலில் நின்றன. தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளையைப் பார்க்கப் போகிற தாய்க்கு அதெல்லாம் ஒன்றுதான்.

நொச்சி இல்லத்து வாசலில் காக்கிப் புடவையில் காவலுக்கு இருந்த கொளஞ்சியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"வினோதினியப் பாக்கணும்மா. நெல்லிக்குப்பம். நான் அவுங்க அம்மா."

"அட, வினோதினி அம்மாவா? நாலு மணி வாக்குல வந்துரும்மா. அந்தாண்ட நெழல்ல குந்து. தண்ணி குடிக்கிறியா?"

நாலு மணிக்கு வகுப்பு முடியும்போல என்று தங்கம்மாள் நினைத்துக்கொண்டாள். எதிரே டீக்கடையை ஒட்டிப் பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் சிமென்ட் பெஞ்சு. உட்கார்ந்து விடுதியை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டாம் மாடியில் வரிசையாகச் சன்னல்கள். எது 212? ஒரு சன்னலில் மஞ்சள் துண்டு காய்ந்தது. அதுதான் என்று முடிவு செய்துகொண்டாள். அந்தத் துண்டை இவள் பார்த்ததில்லைதான், புதிதாக வாங்கியிருக்கும். வேப்பமரம் ஒன்று நிஜமாகவே இருந்தது. காற்றில் அது அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் சொருகிற்று.

ஸ்கூட்டிச் சத்தத்தில் விழித்தாள். விடுதி வாசலில் ஒரு பெண் வண்டியை நிறுத்தி இறங்கினாள். தன் உயரத்தில் பாதிக்கு ஒரு கறுப்புப் பை முதுகில். தலையில் ஹெல்மெட். உள்ளேயிருந்து பெண்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். பைக்காரி ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, பையை வண்டிமேல் இறக்கி வைத்து, பார்சல்களை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"வித்யாலட்சுமி... அருள்மொழி, ரெண்டு இருக்குது..."

தங்கம்மாள் முதலில் குரலைத்தான் அடையாளம் கண்டாள். முகத்தைப் பிறகுதான் பார்த்தாள். பார்த்தும் நம்பவில்லை. கனவில் இதுபோல் ஆள் மாறி வருவது உண்டு, கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும் என்று பொறுத்தாள். சரியாகவில்லை. மகள் கறுத்திருந்தாள். செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தாள், தொழுவத்தில் கட்டுவதுபோல.

கூட்டம் கொஞ்சம் குறைந்தது. வினோதினி பைக்குள்ளிருந்து ஒரு நீளப் பெட்டியை எடுத்தாள். மேலே ஒட்டியிருந்த பெயரைப் படித்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று போனை எடுத்தாள்.

தங்கம்மாளின் மடியில் போன் அதிர்ந்தது. பாப்பா என்று வந்தது.

"அம்மா, என்னாம்மா ஆர்டர் போட்ட? என் பேருல வந்திருக்குது."

"என்னமோ போட்டேன்" என்றாள் தங்கம்மாள். "எங்கடி இருக்க?"

"கேட்டுலதாம்மா. கிளாசு முடிஞ்சு இப்பதான் எறங்கி வந்தேன். ஓடிபி வந்திருக்கும் பாரு. கொரியர்காரரு நிக்கிறாரு."

"சாப்டியா?"

"மெஸ்ஸுல சாப்டாச்சும்மா. சாம்பார்சாதம். சீக்கிரம் சொல்லும்மா, பாவம், அவரு வெயில்ல நிக்கிறாரு."

வெயில் மகளின் நெற்றியில் அடித்துக்கொண்டிருந்தது. தங்கம்மாள் கண்ணாடியை மாட்டினாள். எண்கள் கலங்கித் தெரிந்தன.

"ஏழு" என்றாள். "ரெண்டு... ஒம்பது..."

"ம், அப்புறம்?"

தங்கம்மாள் எண்ணை விட்டுவிட்டு மகளின் செருப்பைப் பார்த்தாள்.

"அம்மா? கடசி நம்பரு?"

"பாப்பா, அந்தக் கொரியர்காரப் பொண்ணு சாப்டுச்சான்னு கேளு."

"என்னா?"

"வெயில்ல நிக்கிது. செருப்பு அந்து போயி ஊக்கு குத்திக்கிட்டு நிக்கிது. ஒரு வாய் சாப்டுச்சான்னு கேட்டுச் சொல்லு."

வினோதினியின் தோள் அப்படியே நின்றது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் ரோட்டுப் பக்கம் மெல்லத் திரும்பினாள். டீக்கடை, மரம், பெஞ்சு. அம்மா எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் பார்க்காமல் வந்தாள். ஒரு ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தித் திட்டிவிட்டுப் போனார்.

கிட்டத்தில் வந்து நின்றாள்.

"கடசி நம்பரு நாலு" என்றாள். "போட்டுக்க."

வினோதினி போடவில்லை. வாய் கோணிக்கொண்டு வந்தது. சின்னப் பிள்ளையில் கீழே விழுந்தால் அழுவதற்கு முன்னால் இப்படித்தான் ஒரு கணம் வாயைக் கோணுவாள். தங்கம்மாளுக்குக் கை ஓங்கத்தான் தோன்றியது. அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓங்க வந்த கை பைக்குள் போய் நைட்டிக் கவரை எடுத்தது.

"ரிட்டர்ன் ஒண்ணு இருக்குது. எடுத்துக்கிறியா, இல்ல ஆள் இல்லன்னு போட்டுருவியா?"

"அம்மா..." என்று அவள் அழுதுவிட்டாள்.

"அக்கா, என் பார்சலு..." என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பேரு என்னாம்மா?" என்று தங்கம்மாளே திரும்பிக் கேட்டாள். வண்டிமேல் இருந்த பையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டாள். "அழுவாத. புள்ளைங்க நிக்கிதுல்ல. குடுத்து அனுப்பு மொதல்ல."

எல்லாரும் போன பிறகு மரத்தடிக்கு வந்தார்கள். தங்கம்மாள் தூக்குவாளியைத் திறந்து புளிச்சோற்றை மூடியில் வைத்தாள். முட்டையை உரித்தாள். வினோதினி சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். சாப்பிடுவதும் அழுவதும் சொல்வதுமாக எல்லாம் ஒன்றாக நடந்தது. தங்கம்மாள் கடைசியில்தான் வெடித்தாள்.

"தெருவையே ஏமாத்தியிருக்கடி. அந்தப் பக்கிரி, உன்னப் போல ஒரு படிப்பாளி உண்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறாரு. யாருடி உன்னைச் சோறு தூக்கிட்டு வரச் சொன்னா?"

"நீதாம்மா."

நிஜம்தான். தங்கம்மாள்தான் சொன்னாள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை, நீ ஆக்கிக் கொண்டா என்று அவள்தான் போனில் சொன்னாள். மழையில் நனைந்து வந்து கேரியரை வைத்துவிட்டுத் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு நின்ற மகளைப் பார்த்து, குழம்பில் உப்பு குறைச்சல் என்றும் சொன்னாள். அது இப்போது நினைவுக்கு வந்து அவளை அறுத்தது. தன் கையாலேயே மகளை அந்த மாடிப்படியிலிருந்து இறக்கிவிட்டதாக நினைத்தாள். தான் பத்தாவதோடு நின்றதும் இப்படித்தான். தம்பிக்கு அம்மை போட்டிருந்தது, வீட்டில் ஆள் வேண்டும் என்றார்கள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றாள். இப்போது குரலில் கோபம் இல்லை.

"சொன்னா நீ இப்பிடித்தான் மூஞ்சிய வச்சிக்கிட்டு உக்காருவ. அத எப்பிடிம்மா நான் பாக்குறது?"

காற்றடித்து மரத்திலிருந்து பூ உதிர்ந்தது. தங்கம்மாள் மல்லாட்டை உருண்டையை உடைத்து மகள் வாயில் வைத்தாள்.

"ஜூன்ல சேத்துக்குவாங்களா?"

"சேத்துக்குவாங்க. ஜூனியர் புள்ளைங்களோட உக்காரணும்."

"போவியா?"

"தெரியலம்மா." வினோதினி உள்ளங்கையில் ஒட்டிய வெல்லத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "மெய்யாலுமே தெரியல. வண்டில போவும்போது மூஞ்சில காத்து அடிக்கிதும்மா. எங்க போனாலும் என்னைப் பாத்துட்டு சிரிச்சிக்கிட்டே வராங்க. அதுவும் நல்லாதான் இருக்குது. அப்புறம் சாயந்தரம் ரூமுக்குப் போனா, புத்தகத்த எடுத்து வச்சிக்கிட்டு உக்காந்துருவேன். எதுக்குன்னு தெரியாது."

"எங்க இருக்குது ரூமு?"

"மேல வீதி பக்கம் ஒரு சந்துல. மாடில. ராஜாம்பாள்னு ஒரு டீச்சரு வூடு."

"நான் வரலாமா? உள்ள உடுவாங்களா?"

வினோதினி அம்மாவையே பார்த்தாள். "அங்க யாரும்மா தடுக்கப் போறா? நீ பாட்டுக்கு வா" என்றாள்.

இன்னும் இரண்டு விடுதி பாக்கி இருந்தது. தங்கம்மாள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து மடியில் பையை அணைத்துக்கொண்டு கூடவே போனாள். வாசலுக்கு வாசல் பெயர் கூப்பிடுவதைக் கேட்டாள். பிறகு ரயில்வே மேம்பாலம் ஏறி ஊருக்குள் இறங்கினார்கள். வெயில் சாய்ந்திருந்தது. மேம்பாலத்துக் காற்றில் முந்தானை பறந்தது. மகள் சொன்ன காற்று இதுதான் போலிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

குறுகலான படி. படி திரும்புகிற இடத்தில் சன்னல் எதுவும் இல்லை. மேலே ஏறி, கதவைத் திறந்து, மகள் முதலில் உள்ளே போய், "வாம்மா" என்றாள்.

தங்கம்மாள் வாசற்படியில் நின்றாள். சுவர் பச்சை. மேசைக்குப் பதிலாக ஒரு ஸ்டூல். பாய் சுருட்டி வைத்திருந்தது. சன்னலுக்கு வெளியே கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் கொடியில் யாருடையதோ ஒரு வேட்டியும் தெரிந்தன. அவள் கட்டி வைத்திருந்த அறையில் ஒரு சாமானும் இங்கே இல்லை. ஆனால் மூலையில் பக்கிரி புதிதாகப் போட்ட ஸ்பேனர் பெட்டியும் தேவநாதனின் கொசு பேட்டும் ஞாயிற்றுக்கிழமைக்காகச் சுவரில் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தன. தெரிந்த முகங்களைப் பார்த்ததுபோல் அவளுக்குச் சமாதானமாக இருந்தது. உள்ளே போய்ப் பாயை விரித்து ஓரமாக உட்கார்ந்தாள். இத்தனை நாள் கனவில் உட்கார்ந்த அதே மாதிரி, ஒன்றும் பேசாமல்.

வினோதினி பெட்டியைப் பிரித்தாள். விளக்கைப் பார்த்ததும் மறுபடி கண் கலங்கினாள். கவ்வுவதற்கு மேசை இல்லை. சன்னல் கம்பியில் கவ்வ வைத்தார்கள்.

தேவநாதன் கூப்பிட்டார். "பாத்தியா புள்ளைய? ரூமுக்குள்ள உட்டாங்களா?"

"உட்டாங்க. உள்ளதான் குந்தியிருக்கேன்."

"எப்பிடி இருக்குது?"

தங்கம்மாள் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள். "காத்தோட்டமா இருக்குது. மிச்சத்த வந்து சொல்றேன். சண்ட போடாமக் கேக்கணும்" என்று வைத்துவிட்டாள்.

பிறகு போனை மகளிடம் நீட்டினாள். "இந்த அட்ரச இதுல ஏத்து. இனிமே இங்கதான வரணும்."

வினோதினி ஏற்றினாள். சந்தின் பெயர், கதவு எண், மாடி. பழைய முகவரிக்குப் பக்கத்தில் குப்பைத்தொட்டிப் படம் ஒன்று இருந்தது. அவள் விரல் அங்கே போவதைத் தங்கம்மாள் பார்த்துவிட்டாள்.

"அத அழிக்காத."

"நான்தான் இன்னும் தெரியலன்னு சொன்னனேம்மா."

"தெரியலன்னுதான சொன்ன. வேணாம்னு சொல்லலியே. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்."

அந்த வாரமே பக்கிரி, இளமதி, பால் சொசைட்டி எழுத்தர், கோயில் கமிட்டி எல்லாரும் மேல வீதிச் சந்துக்குக் குடிமாறினார்கள். ஏன் என்று தங்கம்மாள் தெருவில் நின்று எல்லாருக்கும் சொன்னாள், மறைக்கவில்லை. நொச்சி இல்லம் 212ஆம் அறை மட்டும் அவள் போனில் ஆள் யாரும் இல்லாமல், ஜூன் மாதத்துக்காகக் காலியாகக் கிடந்தது.